மக்கும் பிளாஸ்டிக்குக்கு மண் தரும் வலிமை

(மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சென்ற ஆண்டு நம் வேதியியல் மன்றத் தொடக்க விழாவன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டிருப்பதை அனைவரும் அறிவோம். மன்றச் செயலாளர் என்ற முறையில் விதியை மதிக்க விரும்பி, 'மக்கும் தன்மையுடையது' என்று அச்சிட்ட, கண்ணாடி போன்ற அழகிய கோப்பைகளை வாங்கி வந்தேன். விழா முடிந்து தேநீர் வழங்கினோம். சிறப்பு விருந்தினர் கையில் இருந்த கோப்பை மெல்ல மெல்ல இடுப்பொடிந்தது. தேநீர் அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது. அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். எங்கள் துறைத் தலைவர் சிரிக்கவில்லை. அட்டைப் பெட்டியின் அடியில் 'குளிர்பானங்களுக்கு மட்டும்' என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் துறைத் தலைவர் என்னை அழைத்து, "ஏன் சரிந்தது என்று படித்து எழுதிக் கொண்டு வா" என்றார். அன்று இரண்டு பக்கத்தில் எழுதிய விடைதான் இங்கே கட்டுரையாக விரிகிறது.

அக்கோப்பை பாலிலாக்டிக் அமிலம் என்னும் பலபடியால் ஆனது. சுருக்கமாக பி.எல்.ஏ. என்பர். லாக்டிக் அமிலம் நமக்குப் புதியதன்று. தயிரின் புளிப்பே அதுதான். சுவீடன் நாட்டு வேதியியலர் ஷீலே 1780-இல் அதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். நைலானைப் படைத்த கரோதர்ஸ் 1932-இலேயே லாக்டிக் அமிலத்திலிருந்து பலபடி உண்டாக்க முயன்றார். சங்கிலி போதிய நீளம் பெறாததால் அது பயன்படவில்லை. இன்று மக்காச்சோளத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்க வைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்தை நீண்ட சங்கிலிகளாகக் கோக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்னும் ஊரில் 2002-இல் இதற்கெனப் பெரிய தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. சங்கிலியின் கண்ணிகள் எஸ்டர் பிணைப்புகள். நீர் அவற்றை வெட்டும். வெட்டுண்ட சிறு துண்டுகளை நுண்ணுயிர்கள் உண்ணும். மக்குதல் என்பது இதுவே. பாலித்தீனின் கார்பன்-கார்பன் சங்கிலியில் இப்படி வெட்டுவதற்கு இடமில்லை.

மக்கும் பிளாஸ்டிக் இது ஒன்று மட்டுமன்று. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெமோயின் என்பவர் 1926-இல் ஒருவகைப் பாக்டீரியத்தின் உடலுக்குள்ளேயே இத்தகைய பலபடி ஒன்று இருக்கக் கண்டார். நாம் கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல் அது பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கிறது! மாவுச்சத்தும் கிளிசரினும் சேர்ந்த படலமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பொருள் 'உறுதியானது' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இயற்பியல் மாணவர்கள் அதை ஒப்பமாட்டார்கள். அவர்கள் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு விசையில் அறுகிறது? இது இழுவிசை வலிமை. சிறிது நீட்டுவதற்கே எவ்வளவு விசை வேண்டும்? இது விறைப்பு, அளவுகோல் நாம் அறிந்த யங் குணகம். அறுவதற்கு முன் எவ்வளவு நீளும்? இது முறிவு நீட்சி. மூன்றும் ஒன்றாகப் போவதில்லை. அப்பளம் விறைப்பானது, ஆனால் நீளாது. சைக்கிள் டியூப் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், ஆனால் விறைப்பில்லை.

பி.எல்.ஏ. அப்பளக் கட்சி. அதன் இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 60 நியூட்டன். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள பட்டை 6 கிலோகிராம் எடையைத் தாங்கித் தொங்கும். கடைப் பைகள் செய்யப்பட்ட மெல்லிய பாலித்தீன் அதே பரப்பில் ஒரு கிலோகிராமை ஒட்டித்தான் தாங்கும். யங் குணகத்திலும் பி.எல்.ஏ. பதினைந்து மடங்கு மேல், சுமார் 3.5 ஜிகா பாஸ்கல். ஆனால் முறிவு நீட்சி ஐந்து விழுக்காட்டை ஒட்டியதுதான். பாலித்தீன் தன் நீளத்தைப்போல் சில மடங்கு நீண்ட பிறகே அறும். பி.எல்.ஏ. பை பொருளின் முனை குத்தினால் 'சடக்'கென்று பிளந்துவிடும். ஆகவே பை செய்ய விரும்புவோர், நன்றாக நீளக்கூடிய வேறொரு மக்கும் பலபடியான பி.பி.ஏ.டி.யை அதனோடு கலக்கிறார்கள். நீட்சி வந்துவிடுகிறது, விறைப்பு போய்விடுகிறது. ஒரு கையால் பெற்றதை மறுகையால் இழக்கும் இக்கணக்கைச் சரிக்கட்டத்தான் கனிமத் துகள்களைத் தேடிப் போனார்கள்.

பிளாஸ்டிக்கில் கனிமம் கலப்பது பழைய வழக்கம். சுண்ணாம்புத் தூளும் டால்க் தூளும் நெடுங்காலமாகவே சேர்க்கப்படுகின்றன. அவற்றை இருபது, முப்பது விழுக்காடு என்று கொட்டினால்தான் பயன் தெரியும். பொருள் கனத்தும் போகும். துகளின் அளவை நானோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் நான்கைந்து விழுக்காடே போதும் என்பதுதான் புதிய செய்தி. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும்! கனிமம் பலபடிக்கு வலுவூட்டுவது இரண்டும் தொடும் பரப்பின் வழியாகத்தான். பலபடியை இழுக்கும்போது அந்தப் பரப்பின் வழியே விசை கனிமத்துக்குப் போகிறது. கனிமம் சுமையைத் தாங்குகிறது. தொடும் பரப்பு மிகுந்தால், தாங்கும் தோள்களும் மிகும்.

அளவைவிட வடிவம் இன்னும் முக்கியமானது. இங்கேதான் களிமண் வருகிறது. கோவில்பட்டிப் பக்கத்து நண்பர்கள் கரிசல் நிலத்தை அறிவார்கள். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்; மழை பெய்தால் உப்பிக் குழைந்து, செருப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குணத்துக்குக் காரணம் அம்மண்ணில் உள்ள மாண்ட்மோரில்லனைட் வகைக் களிமண் கனிமங்கள். பிரான்சு நாட்டு ஊர் ஒன்றின் பெயரால் வழங்கும் இக்கனிமம் புத்தகம் போல் தாள் தாளாக அமைந்தது. ஒவ்வொரு தாளும் நடுவில் அலுமினா, இருபுறமும் சிலிகா என்று பூரணம் வைத்த போளி போல் இருக்கும். தாளின் தடிமன் ஒரே ஒரு நானோமீட்டர். அகலமோ நூறு முதல் பல நூறு நானோமீட்டர் வரை. நடு அடுக்கில் சில அலுமினிய அயனிகளுக்குப் பதில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தாள்கள் எதிர்மின் சுமை பெறுகின்றன. அதை ஈடுசெய்யத் தாள்களுக்கிடையே சோடியம் போன்ற அயனிகள் தங்குகின்றன. நீர் அங்கேதான் நுழைந்து கனிமத்தை உப்ப வைக்கிறது.

ஹால்பின், சாய் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் சமன்பாட்டைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.எல்.ஏ.யில் பருமன் அளவில் 2 விழுக்காடு கனிமம். எடைக் கணக்கில் இது 4 விழுக்காடு அளவே. கனிமத்தின் யங் குணகம் 170 ஜிகா பாஸ்கல் என்று கொள்வோம். துகள் உருண்டையாக இருந்தால் விறைப்பு 6 விழுக்காடுதான் கூடுகிறது. தனித்தனித் தாளாக, அகலம் தடிமனைப்போல் நூறு மடங்காக இருந்து, எல்லாத் தாள்களும் இழுக்கும் திசையில் படுத்திருந்தால், ஏறத்தாழ 77 விழுக்காடு கூடுகிறது. அதே தாள்கள் பத்துப் பத்தாக ஒட்டிக்கிடந்தால்? அகலம் தடிமனைப்போல் பத்து மடங்குதான் என்றாகிவிடும். விறைப்பு 30 விழுக்காடே கூடும். போட்ட களிமண் ஒன்றே, செலவு ஒன்றே. புத்தகம் பிரிந்ததா இல்லையா என்பதில்தான் இவ்வளவு வேறுபாடு. உண்மையில் தாள்கள் பல திசைகளில் கிடப்பதால் இந்த அளவுக்குப் பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் 'பிரிதல்' எவ்வளவு தொல்லை தரும் என்பதை நாங்கள் மூவர் நம் ஆய்வகத்திலேயே கண்டோம். பி.எல்.ஏ.யை உருக்கிக் கலக்கும் இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆகவே சேலத்துச் சேகோ ஆலைகளில் எடுக்கும் மரவள்ளி மாவுச்சத்தை வாங்கினோம். 5 கிராம் மாவு, 100 மில்லி லிட்டர் தண்ணீர், 2 கிராம் கிளிசரின். கூழ் தெளியும் வரை கிளறிக் காய்ச்சி, தட்டில் ஊற்றி இரண்டு நாள் உலர்த்தினால் கண்ணாடித் தாள் போன்ற படலம் உரிந்து வருகிறது. அதைப் பட்டைகளாக வெட்டி, மேலும் கீழும் கிளிப் மாட்டி, இயற்பியல் துறையிலிருந்து இரவல் வாங்கிய பிளவு எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். ("தம்பி, தண்ணி படாம திருப்பிக் குடுங்க" என்று சொல்லித்தான் ஆய்வக உதவியாளர் அண்ணன் எடைகளைக் கொடுத்தார்.)

முதலில் கால் கிராம் பென்டோனைட் களிமண்ணைக் கொதிக்கும் கூழில் நேராகக் கொட்டினோம். படலத்தில் மணல் மணலாகக் கட்டிகள் நின்றன. களிமண் சேராத பட்டையைவிடக் குறைந்த எடையிலேயே அது அறுந்தது. அறுந்த இடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு கட்டி. வலுவூட்டப் போட்டதே விரிசலுக்கு வாசலாகிவிட்டது! அடுத்த முறை களிமண்ணை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் முழுவதும் விட்டு விட்டுக் கலக்கி, அந்தக் கலங்கல் நீரிலேயே மாவைக் கரைத்தோம். படலம் வழவழவென்று வந்தது. கூடுதல் எடை தாங்கியது. நீட்சி மட்டும் குறைந்தது. ஆசை யாரை விட்டது? களிமண்ணை நான்கு மடங்காக்கினோம். பட்டை கிளிப்பில் மாட்டும்போதே அப்பளம் போல் நொறுங்கிற்று. அன்று மாலை மழை பிடித்துக்கொள்ள, எஞ்சிய பட்டைகளெல்லாம் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிட்டன. மாவுப் படலத்தின் குறை அது.

மாவுச்சத்து நீரை விரும்புவது, களிமண்ணும் அப்படியே. அதனால் ஊறவைத்துக் கலக்கியதே போதுமானதாயிற்று. பி.எல்.ஏ. நீரை விரும்பாதது. அதில் வெறும் களிமண்ணைப் போட்டால் எண்ணெயில் விழுந்த நீர்த்துளிபோல் ஒதுங்கித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இதற்கு வேதியியல் கண்ட வழி அயனிப் பரிமாற்றம். தாள்களுக்கிடையே உள்ள சோடியத்தை வெளியேற்றி, நீண்ட ஹைட்ரோகார்பன் வால் உடைய நான்கிணைய அம்மோனிய அயனியை அங்கே குடியேற்றுகிறார்கள். தாள்கள் விலகுகின்றன, எண்ணெய்த் தன்மையும் பெறுகின்றன. பிறகு பலபடிச் சங்கிலி இடையில் நுழைய முடிகிறது.

இவ்வழியில் முதற் பெரும் வெற்றி மக்கும் பிளாஸ்டிக்கில் அன்று, நைலானில் கிட்டியது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தினர் 1980-களின் பிற்பகுதியில் நைலான்-6-இல் நான்கைந்து விழுக்காடு களிமண்ணைத் தாள் தாளாகப் பிரித்துக் கலந்தனர். இழுவிசை வலிமை சுமார் 69 மெகா பாஸ்கலிலிருந்து 107 ஆயிற்று. விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சுமையின்கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65° செல்சியஸிலிருந்து 145°-ஐ எட்டியது. அதைக் கொண்டு கார் எஞ்சினின் டைமிங் பெல்ட்டுக்கு உறையும் செய்தார்கள். இவ்வெற்றியைக் கண்டபின்தான் ஆய்வாளர் பலர் மக்கும் பலபடிகளின் பக்கம் திரும்பினர்.

பி.எல்.ஏ.யில் களிமண் விறைப்பைக் கூட்டுகிறது. ஓரளவு வரை வலிமையையும் கூட்டுகிறது. ஆனால் முன்பே குறைவாக இருந்த நீட்சியை இன்னும் குறைத்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால் வேறு கனிமம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நானோ அளவுக் கால்சியம் கார்பனேட்டைப் பி.எல்.ஏ.யில் கலந்தபோது வலிமை சற்றுக் குறைந்தது, நீட்சியோ கூடியது. இழுக்கும்போது இத்துகள்கள் பலபடியைவிட்டு விலகி நுண்ணிய வெற்றிடங்களை உண்டாக்குகின்றன; அவற்றைச் சுற்றியுள்ள பலபடி நொறுங்காமல் நெகிழ்ந்து கொடுக்க இடம் கிடைக்கிறது. இறுகப் பிடித்தால் வலிமை, சற்றே விட்டுக்கொடுத்தால் கடினத்தன்மைக்குப் பதில் முறியாத் தன்மை. எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் 'நானோ கலந்தால் எல்லாம் மேம்படும்' என்று சொல்வது விளம்பரமே ஒழிய விஞ்ஞானமன்று.

இரண்டையும் ஒருங்கே சாதித்த கைவினைஞன் ஒருவன் தூத்துக்குடிக் கடலடியில் இருக்கிறான். முத்துச் சிப்பியின் உட்புறப் பளபளப்பு ஓட்டில் 95 விழுக்காடு அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட், மீதி புரதம். அரை மைக்ரான் தடிமனுள்ள தகடுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி, நடுவே புரதத்தைச் சாந்தாகப் பூசியிருக்கிறது. விரிசல் ஒன்று உள்ளே புகுந்தால் நேராகப் போக முடியாது. ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றி வளைய வேண்டும். அதனால் தனிச் சுண்ணாம்புக் கனிமத்தைவிடப் பன்மடங்கு எளிதில் உடையாததாக ஓடு இருக்கிறது. சிப்பி 95 விழுக்காடு கனிமத்தை ஒழுங்காக அடுக்குகிறது. நாம் 5 விழுக்காட்டையே கட்டியாகாமல் கலக்கத் திணறுகிறோம்.

இனி, சரிந்த கோப்பைக்கு வருவோம். பி.எல்.ஏ. ஏறத்தாழ 60° செல்சியஸில் கண்ணாடி நிலையிலிருந்து ரப்பர் போன்ற நிலைக்கு மாறுகிறது. நம் தேநீரின் சூடு அதைவிட அதிகம். களிமண் கலந்தால் இந்த 60° பெரிதாக மாறிவிடும் என்று நான் முதலில் நினைத்திருந்தேன், மாறுவதில்லை. கனிமம் உதவுவது வேறு வழியில். பி.எல்.ஏ. மிக மெதுவாகப் படிகமாகும் பலபடி. அச்சில் ஊற்றி விரைவாகக் குளிர்விக்கும்போது படிகமாக நேரமின்றி உறைந்துவிடுகிறது. கோப்பை கண்ணாடிபோல் தெளிவாக இருந்ததே அதற்கு அடையாளம். நுண்ணிய கனிமத் துகள்கள் இருந்தால் அவற்றின்மேல் படிகங்கள் தோன்றத் தொடங்கும். கற்கண்டு விளைய நூல் தொங்கவிடுவது போல. இதற்கு டால்க் நன்கு பயன்படுகிறது. அச்சையும் சூடாக வைத்துப் படிகமாக விட்டால், 60°-ஐத் தாண்டிய பிறகும் படிகங்கள் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. அத்தகைய கோப்பை பால் போல் மங்கலாக இருக்கும். சுடுபானத்துக்கு அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். துறைத் தலைவருக்கு நான் எழுதிய விடையின் சாரம் இவ்வளவே.

அவர் அதைப் படித்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். "சரி, வலுவாக்கிவிட்டாய். பிறகு அது மக்குமா?"

இது எளிய கேள்வி அன்று. களிமண் தாள்கள் பலபடிக்குள் படுத்திருந்தால் வாயுவும் நீரும் நேராக ஊடுருவ முடியாமல் வளைந்து வளைந்து போக வேண்டும். முன்சொன்ன நூறு மடங்கு அகலமுள்ள தாள்கள் 2 விழுக்காடு இருந்தால், கணக்குப்படி ஊடுருவல் பாதியாகிவிடும். பிஸ்கட் பொட்டலத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் மக்குவதற்கும் நீர் உள்ளே போக வேண்டுமே! அப்படியானால் வலுவாக்கிய பிளாஸ்டிக் மெதுவாக மக்கும் என்று தோன்றும். ஆனால் நகோயாவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கழகத்தில் சின்ஹா ரே, ஒகாமோட்டோ முதலியோர் 2002-ஐ ஒட்டிச் செய்த ஆய்வுகளில், களிமண் கலந்த பி.எல்.ஏ. எருக்குழியில் விரைவாகவே சிதைந்தது. களிமண் தாள்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் எஸ்டர் பிணைப்பு வெட்டப்படுவதைத் தூண்டுகின்றன என்று அவர்கள் விளக்கினர். மெதுவாகும் என்று கண்டவர்களும் உண்டு. எந்தக் களிமண், எந்த அயனி, எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. நான்கிணைய அம்மோனியச் சேர்மங்களில் சில கிருமிநாசினியாகவே பயன்படுபவை என்பதையும் மறக்கக் கூடாது. நுண்ணுயிர் உண்ண வேண்டிய இலையில் கிருமிநாசினியைப் பரிமாறுவது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. களிமண் தானாக மண்ணோடு மண்ணாகிவிடும். அதன் உள்ளே குடியேற்றியதைப் பற்றித்தான் கவலை.

இன்னொன்றும் உண்டு. 'மக்கும்' என்ற முத்திரைக்கு ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரவிதி இருக்கிறது. பிளாஸ்டிக்கின் கார்பனில் 90 விழுக்காடு 180 நாளுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஆனால் அச்சோதனை நடப்பது 58° செல்சியஸில் வைத்த எருவில்! பெரிய தொழில்முறை எருக்களங்களில் அவ்வெப்பம் உண்டு. ஊர்க் குப்பைமேட்டிலும் வீட்டுத் தோட்டத்திலும் ஆண்டு முழுவதும் அவ்வெப்பம் எங்கே நிற்கிறது? 60°-இல் இளகித் தேநீரைக் கொட்டிய அதே பலபடி, அந்த வெப்பத்தை ஒட்டினால்தான் ஒழுங்காக மக்கத் தொடங்குகிறது. நமக்கு அது கோப்பையில் வேண்டாத இடத்தில் கிடைத்தது. குழியில் வேண்டிய இடத்தில் கிடைக்கவில்லை.

விழாவில் மிஞ்சிய ஐந்து கோப்பைகளைச் சென்ற ஆகஸ்ட் மாதத்தில் விடுதித் தோட்டத்து எருக்குழியில் இலைச் சருகோடும் சாணத்தோடும் புதைத்து வைத்தோம். இந்த மார்ச் மாதத்தில் தோண்டினோம். சருகு முழுவதும் கறுத்து மண்ணாகியிருந்தது. கோப்பைகள் ஐந்தும் அப்படியே இருந்தன. கழுவித் துடைத்ததும் 'மக்கும் தன்மையுடையது' என்ற எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. துறைத் தலைவர் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாக்களைப் போட்டு வைக்கத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார்.